அப்பீல்: எங்கே உரிமை, எங்கே அனுமதி?

வாசகர் கேள்விகள், சட்டப் பகுதியின் பதில்கள்

சிவில் வழக்கில் தோற்றவர்கள் எழுதிய கடிதங்கள்தான் இம்முறை அதிகம். "தீர்ப்பு தப்பு என்பது அப்பட்டமாகத் தெரிகிறதே, மேல் கோர்ட் ஏன் எடுத்துக்கொள்ள மறுக்கிறது?" என்ற ஆதங்கம் பல கடிதங்களில் இருக்கிறது. தீர்ப்பு தப்பா என்று முழுமையாகப் பார்ப்பது முதல் மேல்முறையீட்டில் மட்டும்தான். அதற்கு மேலே போனால், அந்த வழக்கை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் கோர்ட்டுக்கு விளக்கியாக வேண்டும்.

நிலத் தகராறில் முன்சீப் கோர்ட்டிலும் சப்-கோர்ட்டிலும் தோற்றோம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு போட்டோம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூடப் போகாமல், அட்மிஷன் கட்டத்திலேயே தள்ளுபடி. எங்கள் சாட்சிகள் சொன்னதை யாருமே சரியாகப் பார்க்கவில்லை. இப்படிச் செய்யலாமா?
— வாசகர், தேனி

செய்யலாம். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "சாட்சிகளைச் சரியாகப் பார்க்கவில்லை" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியே தள்ளுபடிக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் இரண்டாம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள முடியும். 1976-ல் கொண்டுவந்த திருத்தம் இந்த வாசலைக் குறுக்கியது. அந்தக் கேள்வி என்ன என்பதை மேல்முறையீட்டு மனுவிலேயே துல்லியமாக எழுத வேண்டும். நீதிபதிக்கு அது சரியென்று பட்டால், கேள்வியை அவரே வகுத்துப் பதிவு செய்வார். அதற்குப் பிறகுதான் எதிர்த்தரப்பை அழைத்து விசாரணை. கேள்வியே எழவில்லை என்று கருதினால், உங்கள் வக்கீலின் வாதத்தை மட்டும் கேட்டுத் தள்ளுபடி செய்ய அதிகாரம் இருக்கிறது.

எது முக்கியமான சட்டக் கேள்வி? சர் சுனிலால் மேத்தா வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றும் கையாளப்படுகிறது. அந்தக் கேள்வி பொது முக்கியத்துவம் உடையதாக இருக்க வேண்டும், அல்லது தரப்பினரின் உரிமையை நேரடியாகவும் கணிசமாகவும் பாதிக்க வேண்டும். அதோடு, உச்ச நீதிமன்றம் இன்னும் தீர்த்துவைக்காததாகவோ, எளிதில் விடை சொல்ல முடியாததாகவோ, மாற்றுக் கருத்துகளுக்கு இடம் தருவதாகவோ இருக்க வேண்டும். சட்டம் ஏற்கெனவே தெளிவாகி, அதை உங்கள் வழக்கின் சங்கதிகளுக்குப் பொருத்துவது மட்டுமே பாக்கி என்றால் அது போதாது.

நிலம் யார் அனுபவத்தில் இருந்தது, கையெழுத்து யாருடையது, பணம் கைமாறியதா, எந்தச் சாட்சி உண்மை சொன்னார் என்பவையெல்லாம் சங்கதி சார்ந்த முடிவுகள். இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி முடிவு சொல்லிவிட்டால், அந்த முடிவு தவறாகவே இருந்தாலும் உயர் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது.

விதிவிலக்குகள் உண்டு. சாட்சியமே இல்லாமல் முடிவு சொன்னது, வழக்கின் போக்கையே மாற்றக்கூடிய ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது, சட்டப்படி ஏற்கக் கூடாத சாட்சியத்தை நம்பியது, நிரூபிக்கும் பொறுப்பைத் தவறான தரப்பின் தலையில் சுமத்தியது, கிரையப் பத்திரத்தின் சட்ட விளைவைத் தவறாகப் படித்தது ஆகியவை சட்டக் கேள்விகளாக மாறும்.

ஒரு உதாரணம். இரண்டு கோர்ட்டும் ஒரு உயிலை நம்பித் தீர்ப்பு சொல்லிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் "கீழமை நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சரிவரப் பரிசீலிக்கத் தவறியது சரியா?" என்று எழுதினால், அது எந்த வழக்குக்கும் பொருந்துகிற வாசகம். நீதிபதி அதைத் தாண்டிப் போய்விடுவார். அதையே இப்படி எழுதலாம்: "உயிலில் சாட்சிக் கையொப்பமிட்டவர்கள் உயிரோடு, கோர்ட்டுக்கு வரக்கூடிய நிலையில் இருந்தும், அவர்களில் ஒருவரைக்கூட விசாரிக்காமல், ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறது என்பதற்காக மட்டும் உயில் நிரூபிக்கப்பட்டதாகக் கொண்டது, 2024 ஜூன் வரை நடப்பிலிருந்த 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 68-வது பிரிவுக்கு முரணானதல்லவா?" எந்தச் சட்டம் மீறப்பட்டது, எப்படி மீறப்பட்டது, அதனால் முடிவு எப்படி மாறும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். சட்டக் கேள்விக்கான அடித்தளம் பிராதிலோ (வழக்குத் தொடுத்தவரின் மனு) எதிர்வழக்குரையிலோ (எதிர்த்தரப்பின் பதில்) இருக்க வேண்டும். முன்சீப் கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லாத வாதத்தை உயர் நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்பினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். 2001-ல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

முதல் மேல்முறையீட்டுக்கும் இப்படி அனுமதி வாங்க வேண்டுமா?
— வாசகி, ஈரோடு

வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 96-வது பிரிவுப்படி அது உங்கள் உரிமை. சங்கதி, சட்டம் இரண்டையும் முழுமையாக மறுபரிசீலனை செய்யலாம். இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பாணைக்கு (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான உத்தரவு, டிக்ரி) அப்பீல் கிடையாது. சிறு வழக்கு நீதிமன்றம் விசாரிக்கத் தக்க, 10,000 ரூபாய்க்கு மேற்படாத மதிப்புள்ள வழக்குகளில் சட்டக் கேள்வியின் மீது மட்டுமே அப்பீல்.

கோர்ட் கட்டணத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, அப்பீலில் எந்த அளவுக்குச் சவால் விடுகிறீர்களோ அந்த அளவுக்கு, அசல் வழக்கில் கட்டியிருக்க வேண்டிய அதே கட்டணம். கட்ட வசதியில்லாதவர் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-வது கட்டளையின் கீழ் வறியவராக அப்பீல் செய்ய மனு போடலாம்.

இந்தக் கட்டத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. "எப்படியும் ஹைகோர்ட் வரை போகும்" என்று சப்-கோர்ட்டில் அரைமனதாக வாதாடுகிறவர்கள், சாட்சியத்தைப் பற்றிப் பேசுவதற்கான கடைசி இடத்தைக் கைநழுவ விடுகிறார்கள். ஒவ்வொரு சாட்சியின் குறுக்கு விசாரணையிலும் எந்த வரி உங்களுக்குச் சாதகம் என்று குறித்து, எழுத்து வாதமாகவும் கொடுங்கள். முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும் என்கிறது கட்டளை 41, விதி 31. நீங்கள் எழுப்பியதை அது தொடாமல் விட்டால், பிற்பாடு உயர் நீதிமன்றத்தில் சொல்ல ஒரு காரணம் உங்களிடம் இருக்கும்.

தீர்ப்பு நகல் கையில் கிடைத்த நாளிலிருந்துதானே 30 நாள்?
— வாசகர், நாகர்கோவில்

இல்லை. இந்தத் தப்புக் கணக்கால்தான் நல்ல அப்பீல்கள் பலவும் தாமத மனுவோடு (தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு) உள்ளே போக வேண்டியிருக்கிறது.

கெடு தீர்ப்பு தேதியிலிருந்து ஓடுகிறது. சப்-கோர்ட்டுக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு சொன்ன நாளைச் சேர்க்க வேண்டாம். நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு இதைச் சொல்கிறது. எத்தனை நாள் கழியும் என்பதற்கு, சான்றிட்ட நகலில் போடப்பட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று வரிசையாக இருக்கும்.

முன்சீப் கோர்ட் தீர்ப்பு மார்ச் 3. நகல் மனு மார்ச் 10. கட்டணம் கேட்டு அறிவித்தது மார்ச் 18. நீங்கள் கட்டியது மார்ச் 25. தயாரானது ஏப்ரல் 2. நீங்கள் போய் வாங்கியது ஏப்ரல் 9. மார்ச் 4 முதல் எண்ணினால் 30-வது நாள் ஏப்ரல் 2. கறாராகப் பார்த்தால் கழிபடுவது மார்ச் 10 முதல் 18 வரை 9 நாள், மார்ச் 25 முதல் ஏப்ரல் 2 வரை 9 நாள், ஆக 18 நாள். கடைசி நாள் ஏப்ரல் 20. அன்று கோர்ட் விடுமுறையென்றால் மீண்டும் திறக்கும் நாள். கட்டணம் கட்டாமல் நீங்கள் விட்ட நாட்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும். ஏப்ரல் 9-லிருந்து 30 நாள் இருக்கிறதென்று நம்பி மே முதல் வாரத்தில் போனால் கெடு முடிந்திருக்கும்.

தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ நகல் மனு கொடுத்துவிடுங்கள். 30 நாள் கழிந்த பிறகு நகல் மனு கொடுத்தால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது. தீர்ப்பாணை இன்னும் தயாராகவில்லை என்றும் காத்திருக்க வேண்டாம். அது தயாராகும் முன்பே தீர்ப்பு நகலை வைத்து அப்பீல் போட, கட்டளை 20, விதி 6-ஏ வழிசெய்கிறது.

400 நாள் தாமதம். மன்னிப்பார்களா?
— வாசகர், சேலம்

நாள் கணக்கை விட, நீங்கள் சொல்லும் காரணம்தான் முக்கியம். 1998-ல் என். பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளமல்ல, விளக்கம் ஏற்கத் தக்கதா என்பதே அளவுகோல் என்றது. காரணம் நம்பும்படி இல்லாவிட்டால் பத்து நாள் தாமதத்தையும் மறுக்கலாம்.

பிரமாணப் பத்திரத்தில் மறுப்பை வரவழைக்கும் தவறுகள் பெரும்பாலும் இவை. "மஞ்சள் காமாலையால் படுத்திருந்தேன்" என்று தேதியே இல்லாமல் எழுதுவது. மருத்துவச் சான்று மூன்று வாரத்துக்கு, தாமதமோ பதின்மூன்று மாதத்துக்கு. "தீர்ப்பே தெரியாது" என்று சொல்லிவிட்டு, அதே காலத்தில் நிறைவேற்று மனுவில் (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு ஜெயித்தவர் போடும் மனு) நோட்டீஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பது. எல்லாப் பழியையும் பழைய வக்கீல் மீது போட்டு, அவரை எப்போது சந்தித்தீர்கள், என்ன கடிதம் எழுதினீர்கள் என்று ஒன்றும் சொல்லாமல் விடுவது. கெடு முடிந்த நாளிலிருந்து தாக்கல் செய்த நாள் வரை காலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணமும் ஒரு தாளும் காட்டுங்கள்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. கட்டளை 41, விதி 3-ஏ-யின்படி, தாமத மனு நிலுவையில் இருந்து, அப்பீலைக் கேட்பதென்று கோர்ட் முடிவெடுக்காத வரை, தீர்ப்பாணை நிறைவேற்றத்துக்குத் தடை கொடுக்கக் கூடாது. நீங்கள் மன்னிப்புக்காகக் காத்திருக்கும் அந்த நாட்களில் எதிர்த்தரப்பு ஜப்தி வரை போகலாம்.

அப்பீல் போட்டாலே ஸ்டே கிடைத்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். எனக்கு எதிராக 8 லட்ச ரூபாய்க்குத் தீர்ப்பு.
— வாசகர், கோயம்புத்தூர்

கிடைக்காது. தீர்ப்பு நிறைவேறாமல் நிறுத்திவைக்கும் தடைக்கு, அதாவது ஸ்டேவுக்கு, தனி மனு வேண்டும். கணிசமான நஷ்டம் வரும், தாமதமின்றி மனு செய்திருக்கிறேன், தக்க ஜாமீன் தருகிறேன் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். பணத் தீர்ப்பென்றால் தொகையை டெபாசிட் செய்யவோ ஜாமீன் கொடுக்கவோ சொல்வார்கள். பாதித் தொகையாவது கட்டச் சொல்வது சாதாரணம். கொடுத்த கெடுவுக்குள் கட்டாவிட்டால் தடை போய்விடும். ஆகவே மனு போடும் முன்பே பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் தீர்ப்பாக இருந்தால், தடைக்காலத்துக்குப் பழைய வாடகையை அல்ல, சந்தை வாடகையைக் கட்டச் சொல்லலாம் என்று ஆத்மா ராம் பிராப்பர்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்பீல் தாக்கலாகும் வரை இடைவெளி இருக்கிறதே என்றால், கெடு முடியும் முன் தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே குறுகிய காலத் தடை கேட்கலாம்.

நான் கிரையம் வாங்கிய இடத்துக்கு, என்னைச் சேர்க்காமலேயே அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைத் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். நான் அப்பீல் போக முடியுமா?
— வாசகர், மதுரை

முடியும். ஆனால் வழக்கில் தரப்பாக இல்லாததால் கோர்ட்டின் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அப்பீலோடு அனுமதி கோரும் மனு, பிரமாணப் பத்திரம், உங்கள் கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வையுங்கள். தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்துகிறது, அல்லது உங்கள் உரிமைக்கு நேரடியாகக் கேடு செய்கிறது என்று காட்டினால் அனுமதி கிடைக்கும். அக்கறை இருக்கிறது, மன வருத்தம் இருக்கிறது என்பது போதாது.

இங்கே தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வழக்கு தாக்கலான பிறகு வாங்கியிருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். அப்போது, விற்றவர் ஒழுங்காக வழக்கு நடத்தவில்லை என்று காட்டி அனுமதி கேட்பது சரியான வழி. வழக்குக்கு முன்பே வாங்கியிருந்தால், உங்களைச் சேர்க்காத தீர்ப்பு பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தாது. அனுமதி மனு மறுக்கப்படுவதற்கும் அதுவே காரணமாகலாம். அந்த நிலையில், தீர்ப்பு என்னைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (கோர்ட்டின் அறிவிப்பு) கேட்டுத் தனி வழக்கு போடுவதோ, சுவாதீனம் எடுக்க வரும்போது கட்டளை 21, விதி 97 முதல் 101 வரையுள்ள விதிகளின்படி நிறைவேற்று நீதிமன்றத்திலேயே உங்கள் உரிமையைத் தீர்மானிக்கச் செய்வதோ பலமான வழி.

உங்கள் கடிதத்தில் கிரையத் தேதி இல்லை. அந்தப் பத்திரத்தையும் வழக்கின் தாக்கல் தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பிராதைத் திருத்தக் கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்பீல் உண்டா?
— வாசகி, திருச்சி

இல்லை. எந்த இடைக்கால உத்தரவுகளுக்கு அப்பீல் உண்டு என்று 43-வது கட்டளை பட்டியல் போட்டிருக்கிறது. இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்ததும் மறுத்ததும் அதில் உண்டு. திருத்த மனு இல்லை. அரசியலமைப்பின் 227-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். அது வேண்டாமென்றால், வழக்கு முடிந்து அப்பீல் போகும்போது இந்த மறுப்பையும் ஒரு காரணமாக எழுதலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இரண்டாம் மேல்முறையீட்டில் தோற்று உச்ச நீதிமன்றம் போனோம். "சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி" என்று ஒற்றை வரி. எங்கள் வழக்கு தவறென்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக ஆகிவிட்டதா?
— வாசகர், விழுப்புரம்

ஆகாது. அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ் நீங்கள் கேட்டது அப்பீல் செய்ய அனுமதி. காரணம் சொல்லாமல் மறுத்தால், இந்த வழக்கில் தலையிட விரும்பவில்லை என்று மட்டுமே பொருள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக மாறிவிடுவதில்லை. குன்ஹயம்மது வழக்கில் 2000-ல் இது விரிவாகச் சொல்லப்பட்டு, கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் 2019-ல் உறுதி செய்யப்பட்டது. அனுமதி கொடுத்து, அப்பீலாக எண்ணிட்டு, பிறகு தள்ளுபடி செய்தால் கதை வேறு. அப்போது கீழ்த் தீர்ப்பு மேல் தீர்ப்பில் கரைந்துவிடும். அனுமதி மறுக்கும்போதே சட்டம் இதுதான் என்று காரணம் எழுதியிருந்தால், அந்தச் சட்ட விளக்கம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

ஆகவே, உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு போடக் கதவு அடைபடவில்லை. ஆனால் அதன் கெடு 30 நாள். புதிதாகக் கண்டெடுத்த முக்கியச் சாட்சியம், பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் பிழை, அல்லது அவற்றுக்கு ஒத்த போதிய காரணம் வேண்டும். அதே வாதங்களைத் திரும்பச் சொல்வதற்கு இடமில்லை.

உயர் நீதிமன்றத்திடமே சான்று வாங்கி மேலே போகும் வழி அரசியலமைப்பின் 133-வது பிரிவில் இருக்கிறது. பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி, அதை உச்ச நீதிமன்றமே தீர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கருத வேண்டும். தீர்ப்பு வாசித்த உடனே வாய்மொழியாகக் கேட்கலாம். தனி நீதிபதியின் தீர்ப்புக்கு இந்த வழி கிடையாது என்கிறது அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. இரண்டாம் மேல்முறையீடுகளைத் தனி நீதிபதிதான் கேட்பார் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு 136 மட்டுமே. அதற்குக் கெடு 90 நாள். சான்று கேட்டு மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த நாளிலிருந்து 60 நாள்.

ஜெயித்தவன் நான். எதிர்த்தரப்பு அப்பீல் போகும் என்று தெரிகிறது. சும்மா இருக்கலாமா?
— வாசகர், சிவகங்கை

வேண்டாம். அப்பீல் போகக்கூடிய கோர்ட்டில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின் கீழ் கேவியட் போடுங்கள். அது 90 நாளுக்குச் செல்லும். உங்களைக் கேட்காமல் ஸ்டே கொடுப்பதை அது தடுக்கும். 90 நாள் முடிந்தும் அப்பீல் வராவிட்டால் புதிதாகப் போட வேண்டும்.

தீர்ப்பின் ஒரு பகுதி உங்களுக்கு எதிராகப் போயிருந்தால், உதாரணமாக நிலம் உங்களுக்கு, செலவுத் தொகையும் இழப்பீடும் மறுப்பு என்றால், அப்பீல் நோட்டீஸ் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். கட்டளை 41, விதி 22. எதிர்த்தரப்பு பிறகு தன் அப்பீலை வாபஸ் வாங்கினாலும் உங்கள் எதிர் ஆட்சேபம் தனியே நிற்கும். அதற்கும் கோர்ட் கட்டணம் உண்டு.

இரண்டாம் மேல்முறையீட்டில் நோட்டீஸ் வந்தால், நீதிபதி வகுத்த சட்டக் கேள்வி என்ன என்று முதலில் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒரு கேள்வி இந்த வழக்கில் எழவே இல்லை என்று வாதிட 100-வது பிரிவே உங்களுக்கு உரிமை தருகிறது. கேள்வியே வகுக்காமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னால், அந்த ஒரு குறைக்காகவே அதை உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.